நற்சுடர் டிவி எங்களுக்கு வழங்கிய வண்டி

என் பெயர் சகாயராஜ். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற ரோட்டில் கிளியனூர். இப்போது இருப்பது ஷார்ஜாவில், மீன் பெட்டி அடுக்கும் ஒரு குளிர்சாதனக் கிடங்கில். விரல் விறைத்துப்போவதால் டைப் அடிக்க வராது. சாப்பாட்டு நேரத்தில் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது.

மனித குலம் இதுவரை கண்ட ஏற்பாடுகளில் மிக உன்னதமானது விழுப்புரம் நற்சுடர் டிவியின் ‘கருணைக் கால்மணி’. நெருப்பு, சக்கரம், ரேஷன் கார்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம் பதினைந்து நிமிடம் இலவசமாகத் திரையில் வந்து நேயர்களிடம் உதவி கேட்கலாம். கேட்பதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் தகுதி பெற வேண்டும். தகுதி பெற்ற பிறகு சாகாமல் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது நான் சேர்த்ததல்ல, விதி நாலு.

எங்கள் நிறுவனத்தின் பெயர் ‘உடன்வருவோம்’. நிறுவனர், தலைவர், செயலாளர், ஆபீசைக் கூட்டுகிறவர் எல்லாமே என் அக்கா ஆரோக்கியசெல்விதான். வேலை ஒன்றே ஒன்று. சிறுநீரகம் கெட்டுப்போன ஐந்து பேரைச் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் டயாலிசிஸுக்கு விழுப்புரம் அழைத்துப்போய் அழைத்துவருவது. ஐந்து பேரில் ஒருவர் எங்கள் அப்பா சவுரிராயன். வண்டி, அப்பாதுரை அண்ணனின் ஸ்கூல் வேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு இவர்களை ஏற்றிக்கொள்வார். டீசல் போட்டால் போதும் என்பார். ஆனால் பள்ளி விடுவதற்குள் திரும்பியாக வேண்டும். அதனால் நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை மூன்று மணி நேரத்தில் நிறுத்தச் சொல்லி, ஐந்து பேரும் எழுந்து வந்துவிடுவார்கள். விட்டுப்போன அந்த ஒரு மணி நேரம் அப்பாவின் காலில் வீக்கமாக நிற்கும். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். நாங்கள் கேட்க நினைத்தது இவ்வளவுதான்.

படிவத்தை ஷார்ஜாவிலிருந்து நான்தான் நிரப்பினேன். அக்கா போனில் இருந்தாள்.

விதி ஒன்று, நிறுவனத்துக்கு மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும். எங்களுக்கு நாலு. விதி இரண்டு, ஓராண்டு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். ‘திடீர்க் கஷ்டங்கள் பரிசீலிக்கப்பட மாட்டா’. எவ்வளவு தொலைநோக்கு பாருங்கள். அடுத்த வருடம் வரவிருக்கும் துன்பத்தை இந்த வருடமே முன்பதிவு செய்துவிட்டால் கூட்ட நெரிசல் இருக்காது. விதி மூன்று, வேண்டுகோளை ‘மக்களுக்கு நன்கு அறிமுகமான முகம்’ ஒன்று வாசிக்க வேண்டும். ரேஷன் கடை வேணியின் பெயரை எழுதினோம். கிளியனூரில் அந்த முகத்தை அறியாதவர் கிடையாது, மாதாமாதம் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். டிவியின் சமூகப் பொறுப்பு அலுவலர் தென்னரசு சார், அப்படியல்ல, மாமியார் வேடம் போடுகிற நடிகை ஒருவரை டிவியே தரும் என்று கனிவோடு திருத்தி அனுப்பினார்.

பிறகு அந்த விதி நாலு. ‘ஒளிபரப்பு நாளில் பயனாளி உயிருடன் இருப்பார் என்பதற்குப் பயனாளியின் உறுதிமொழி.’ இதை அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று அக்கா தயங்கினாள். அவர் பக்கத்துக் கட்டிலிலிருந்தே கேட்டுவிட்டார்.

“இருக்கேன்னு எழுதுடா. டிவிக்காரரு அவ்ளோ தூரத்திலேர்ந்து கேக்கறாரு. மரியாதைக்காவது இருந்துதான ஆவணும்.”

கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் அந்த மரியாதையையும் காப்பாற்றினார். இந்த ஏப்ரலில், நான் லீவில் ஊரில் இருந்தபோது, படப்பிடிப்புக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கேமரா வருவது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் கல்யாணத்துக்கும்தான். ஆகவே கேமரா வருகிறது என்றால் விசேஷம் என்று அர்த்தம். கஷ்டத்தைப் படம்பிடிக்கத் தனியாக ஒரு கேமரா வரும் என்பது எங்கள் அறிவுக்கு எட்டவில்லை. ஐந்து பேரில் ஒருத்தியான அம்சா சித்தி வெங்காயக் கலர் பட்டுப்புடவை கட்டி, நாத்தனாரின் ஆரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மெஷினில் ஊசி ஏற்றி ஏற்றி முடிச்சு முடிச்சாகப் புடைத்த கையை ஜாக்கெட் கை மறைக்கவில்லை, அதனால் வளையல் அடுக்கினாள். அப்பா நான் வாங்கிவந்த சட்டையில், நான் வாங்கிவந்த சென்ட்டில் நின்றார். அப்பாதுரை அண்ணன் வேனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்கண்ணாடிக்குக் குறுக்கே சாமந்தி மாலை கட்டியிருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே, வேன் பக்கவாட்டில் அக்கா ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தாள். ‘எங்கள் துயர் துடைத்த நற்சுடர் டிவிக்கு நெஞ்சார்ந்த நன்றி.’ ஐந்து பேரின் படமும் சிரித்த முகமாக இருந்தது. இன்னும் ஒன்றும் தரவில்லையே என்று நான் கேட்டேன். முன்னாடியே நன்றி சொல்லிவிட்டால் யாருக்கும் இல்லை என்று சொல்ல மனசு வராது என்றாள் அக்கா. பஞ்சாயத்தில் தெருவிளக்கு வாங்கியதே அப்படித்தானாம்.

தென்னரசு சார் காரிலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டார். பட்டுப்புடவையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். சென்ட் அவர்வரை வந்திருக்க வேண்டும், கைக்குட்டையை எடுத்தார்.

“மேடம், இதுல கஷ்டம் எங்க இருக்கு?”

“கிட்னியில சார்,” என்றாள் அக்கா.

அது கேமராவில் தெரியாது என்றார். கண்ணீர் வந்தால் தெரியும், அழச் சம்மதமா என்றார். அப்பா, விசேஷத்தன்று எப்படி அழுவது என்று கேட்டார். தொழில் தெரிந்தவர் தென்னரசு சார், இதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தார். காரின் டிக்கியிலிருந்து ஒரு பை வந்தது. அதற்குள் ‘கருணை உடைகள்’. சாயம் போன புடவை இரண்டு, முழங்கை கிழிந்த சட்டை மூன்று. துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

அம்சா சித்தி ஒரு புடவையைப் பிரித்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“கிழிஞ்சது எங்கூட்டுலயே இல்ல. நீ விழுப்புரத்திலேர்ந்து சுமந்துக்கினு வந்தியா?”

“ஒரு ஷாட்டுக்குத்தாம்மா. நேயர்கள் மனசு இளகணும்ல.”

“நான் போயிட்டா அஞ்சலி பிளெக்ஸுல போட இந்தப் படந்தான் எடுப்பாங்க. கிழிசலோட நிக்கச் சொல்றியா? எடுக்கறதுன்னா இப்படியே எடு.”

தென்னரசு சார் யாருக்கோ போன் போட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பரவாயில்லை, இப்படியே எடுப்போம், நன்றாகச் சிரியுங்கள் என்றார். சிரித்தோம். வண்டிச் சாவியை அப்பா கையில் கொடுத்து உயர்த்திக் காட்டச் சொன்னார். உயர்த்தினார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அக்கா அவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு மரக்கால் கட்டிக்கொடுத்தாள்.

லீவு முடிந்து நான் திரும்பினேன். ஜூனில் ஒளிபரப்பு. கிடங்கு வாசலில் நின்று போனில் பார்த்தேன். மாமியார் நடிகை கைகூப்பினார். மாலை போட்ட வேன் வந்தது, அம்சா சித்தியின் ஆரம் மின்னியது, அப்பா சாவியை உயர்த்தினார். பின்னால் ஒரு பாட்டு ஓட, குரல் வந்தது. “உங்கள் கருணையால், சென்ற ஆண்டு நற்சுடர் டிவி வழங்கிய வாகனத்தில் புதுவாழ்வு பெற்ற கிளியனூர் மக்கள். பாருங்கள் இந்தப் புன்னகையை.” பிளெக்ஸில் இருந்த நன்றியை எழுத்து எழுத்தாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த ஆண்டுக்கான வேண்டுகோள். ஏழைகளை இன்னும் தரமாகப் படம்பிடிக்க ஒரு நவீன அரங்கம் தேவைப்படுகிறதாம், டிவிக்கு.

உடனே தென்னரசு சாருக்குப் போன் செய்தேன்.

“சார், நாங்க இன்னும் ஒண்ணுமே வாங்கலியே.”

“தம்பி, வாங்கின மாதிரியே ரொம்ப இயல்பா வந்திருக்கு. எங்க எம்.டி. பாத்துட்டுக் கலங்கிட்டாரு.”

“அப்ப எங்க விண்ணப்பம்?”

“அது பத்திரமா இருக்கு. ஆனா விதி ஏழு படிச்சீங்கல்ல? ஒரு தடவை ஒளிபரப்புல வந்தவங்க மூணு வருஷத்துக்குத் திரும்பக் கேக்கக் கூடாது. மத்தவங்களுக்கும் வாய்ப்புத் தரணுமே.”

இந்த நியாய உணர்வை மெச்சி நாலு வார்த்தை சொல்ல நினைத்தேன். அதற்குள் பாலன்ஸ் தீர்ந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஊரில் சூடு பிடித்தது. தர்மத்துக்கு வந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்களிடம் எதற்கு மாதக் கட்டணம் கேட்கிறாய் என்று பெற்றோர்கள் அப்பாதுரை அண்ணனைக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினார். டிவியில் வந்ததைவிடப் புத்தகம் பெரிதா என்றார்கள். டீக்கடையில் அவருக்குக் ‘கருணை டிரைவர்’ என்று பெயராகிவிட்டது. வியாழக்கிழமை அக்காவைத் தேடி வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் அப்போது போன் லைனில் இருந்தேன், அவர் குரல் கேட்டது.

“எட்டு வருஷமா டியூ கட்டின வண்டிம்மா. ஒரு பாட்டுக்குள்ள எவனோ குடுத்ததா ஆயிடுச்சி. இது என் வண்டின்னு ஊருக்குக் காட்ட எனக்கு ஒரே வழிதான் இருக்குது. உங்கள ஏத்தாம இருக்கணும்.”

 சொல்லி முடித்த அவரே, சவுரிராயன் மாமாவுக்குக் கால் எப்படி இருக்குது என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது ஐந்து பேரும் இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள். போகும்போது பரவாயில்லை. மெஷினிலிருந்து எழுந்த உடம்போடு திரும்பி வரும்போது நிற்க முடிவதில்லை. பஸ்ஸில் யாரிடமாவது இடம் கேட்டால், உங்களுக்குத்தான் டிவியில் வண்டி கொடுத்தார்களே என்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை அப்பா போகவில்லை. மூச்சு வாங்குகிறது என்று அக்கா சொன்னாள். காலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறதாம். நாலு மணி நேரத்தை மூன்றாக்கியது எங்கள் ஏழ்மை. மூன்றை ஒன்றுமில்லாமல் ஆக்க ஒரு தொலைக்காட்சி நிலையமும், ஏழு விதிகளும், எங்கள் சிரிப்பும் தேவைப்பட்டன.

இதைப் படிக்கிறவர் கிளியனூர்ப் பக்கத்தவராக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வேன் அப்பாதுரை அண்ணனின் சொந்த வண்டி. யாரும் எங்களுக்கு எதையும் தரவில்லை. இதைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற பெற்றோர்களிடம் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை காலைக்குள் சொல்லுங்கள்.