என்னிடம் மன்னிப்புக் கேட்ட டாக்டர்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் சௌக்கியம். நான் மட்டும் இதுவரை நூற்று நாற்பது தடவை செத்திருக்கிறேன்.

"ரிட்டயராகிச் சும்மாதானே இருக்கீங்க, ஒரு மணி நேர வேலை, போய்ட்டு வாங்க" என்று மருத்துவக் கல்லூரிக்கு என்னை அனுப்பிவைத்த புண்ணியவான் நீங்கள்தான். நெருக்கடியில் டாக்டர்களின் மனசாட்சி எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, அவர்களைப் பழக்குகிறார்களாம். என் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள். "பரவாயில்ல டாக்டர், எனக்கு வயசாயிடுச்சு" என்று ஒரே ஒரு வரி பேசச் சொன்னார்கள். வி.ஆர். என்று கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி ஒன்று. டாக்டர் அதை மாட்டிக்கொண்டால் எதிரே இரண்டு கட்டில். ஒன்றில் நான், இன்னொன்றில் இரண்டு குழந்தைக்குத் தகப்பனான பஸ் டிரைவர். மூச்சு மெஷின் ஒன்றுதான். யாருக்கு என்று அவர் முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் என் தோளில் கை வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, டிரைவருக்கே கொடுக்கிறார்கள்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் நானும் ஒருநாள் மாட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை, என் கையே டிரைவர் பக்கம்தான் போனது! கட்டிலில் கிடந்த நான் "பரவாயில்ல டாக்டர்" என்றேன். சரி, அது பேசிக் கொடுத்த வரி. அப்புறம் அந்த உருவம் மெதுவாக, "வீட்ல சொல்லிடுங்க" என்றதே, அதை நான் பேசிக் கொடுக்கவே இல்லை. கண்ணாடியை உடனே கழற்றினேன். அங்கே வேலை பார்க்கும் பெண், "அப்படி எதுவும் பதிவே ஆகலையே சார்" என்கிறாள்.

இந்த லட்சணத்தில் வியாழக்கிழமை எனக்கு அதே கல்லூரி ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். பரிசோதிக்க வந்த டாக்டர் என்னைப் பார்த்ததும் தோளில் கை வைத்து, "மன்னிச்சிடுங்க ஐயா" என்று பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். "டாக்டர், நான் நிஜ ஆளு!" என்று கத்தினேன். "அட, ஆமால்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. உயிரே போனாலும் அவர் கத்திக்குக் கீழே படுக்க மாட்டேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தாங்கள் நூறாண்டு மூச்சு முட்டாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை உயிரோடிருக்கும்,
உங்கள் மனைவியின் அண்ணன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அந்தக் கண்ணாடியிலிருந்து என் முகத்தை எடுத்துவிடச் சொன்னேன். பதிலுக்கு ஒரு முகம் கேட்டார்கள். கல்யாண ஆல்பத்திலிருந்து உங்கள் படத்தைக் கொடுத்தேன். குரல் வேண்டாமாம், அதுவே பேசிக்கொள்கிறதாம். மறுநாளே டாக்டர் என்னை நிஜ மனிதனாகப் பார்த்துச் சிரித்தார், நானும் துணிந்து அவர் கத்திக்குக் கீழேயே படுத்தேன். உங்களுக்கு நாலு நாளாக மூச்சு வாங்குகிறது என்று தங்கை போனில் சொன்னாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் தோளில் கை வைத்தால் மட்டும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.