நெலிதாவின் கோழிக் கட்லெட்

முப்பது தாய்மார்கள் கையெழுத்துப் போட வேண்டும்: ‘என் பிள்ளை நெத்திலி சாப்பிட்டது.’ இல்லாவிட்டால் மாதக் கடைசியில் நெலிதாவுக்கு வேலை போய்விடும். சிம்போத்தே துறைமுகச் சுகாதார நிலையத்தில் அவள்தான் சத்துணவு ஆலோசகர். இதுவரை கிடைத்தது ஒரே கையெழுத்து. அதுவும் பிள்ளையே இல்லாத அவளுடையது.

சுவரில் அட்டவணை மாட்டினாள். “நூறு கிராம் நெத்திலியில கிட்டத்தட்ட இருபது கிராம் புரதம். இரும்புச்சத்து இருக்கு. மூளைக்கு நல்ல கொழுப்பும் இருக்கு.”

“அதனாலதான் ஆலையில மாவா அரைச்சுக் கோழிக்குப் போடறாங்க” என்றாள் மீன் ஆலைக்காரர் மனைவி செனோபியா. “கோழித் தீனியை எம்புள்ளைக்குக் குடுக்கச் சொல்றீங்களே டாக்டரம்மா, நல்லாவா இருக்கு?”

வாசலிலேயே கடல் இருந்தும் கோழிக்கு வரிசையில் நிற்கிற ஊர். அட்டவணையை யார் மதிப்பார்கள்?

மறுநாள் நெலிதா மீனை முள்ளெடுத்து அரைத்து, மஞ்சள் மிளகாய் விழுதைத் தாராளமாகச் சேர்த்துக் கட்லெட் பொரித்தாள். கோழி என்று சொன்னாள். தட்டு காலியானது.

“லேசா மீன் வாடை அடிக்குதே?” என்றாள் செனோபியா.

“மீன்மாவு தின்னு வளர்ந்த கோழி, அக்கா. பின்ன ரோஜா வாசமா அடிக்கும்?”

அடுத்த வாரம் அறுபது பேர், பாத்திரத்தோடு வந்தார்கள். படிவத்தை நீட்டியதும் எல்லோருக்கும் திடீரென்று நேர்மை வந்துவிட்டது.

“கோழியைத் தின்னுட்டு மீன்னு எழுதித் தரவா? பொய்க் கையெழுத்து பாவம், டாக்டரம்மா.”

போதாததற்கு, தலைநகர் லிமாவிலிருந்து மேலதிகாரி பாஸ்குவால் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து அவருக்குப் பூரிப்பு. “என்ன சாப்பிட்டீங்க?” என்றார்.

“கோழி” என்றது கூட்டம், ஒரே குரலில்.

“மீன் திட்டத்துல கோழி விருந்தா, நெலிதா?”

நெலிதா சமையலறைக்கு ஓடி, நெத்திலித் தலைகள் நிறைந்த வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். “எல்லாம் மீன்தான் சார். இவங்ககிட்ட நான்தான் பொய் சொன்னேன். அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. இப்பவாவது கையெழுத்துப் போடுங்க.”

ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. ஒவ்வொருவராகப் பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்தார்கள். கடைசியாக, கைக்குழந்தைக்காரி ஒருத்தி கதவருகே நின்று அலுத்துக்கொண்டாள்.

“மொத வாயிலயே மீன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு டாக்டரம்மா, கோழின்னு நீங்க சொன்னதாலதானே நாலு பேர் பார்க்க மானத்தோட வந்து தின்னோம்.”