கொக்கி அண்ணன் போட்ட முடிச்சு

கம்பம் பள்ளத்தாக்கில் முன்பின் தெரியாத இரண்டு பேரை, அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மாமன் மச்சானாக்கிவிடக் கூடிய ஒரே மனிதர் கொக்கி அண்ணன். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சை பேக்கிங் கூடத்தில் தரக்கட்டுப்பாட்டு மென்பொருளை நான் பார்த்துக்கொண்ட நாட்களில், அங்கே அவர்தான் சூப்பர்வைசர். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும்.

மனிதர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மென்பொருளில் ஒரு டாஸ்க்கை இன்னொன்றோடு இணைக்கப் பொத்தான் இருப்பதைக் கண்டதும் அவருக்குக் கை நிற்கவில்லை. குளிர் அறைச் சோதனையோடு தராசுச் சோதனையைக் கோத்தார். தராசோடு எலிப்பொறியைக் கோத்தார். எலிப்பொறி எதற்கு என்று கேட்டேன்.

"எலி தின்னா எடை குறையுமா, குறையாதா? அப்ப ரெண்டும் சொந்தம்தான ஆத்தா? ஒத்தையா விட்டா அதை யாரு கவனிப்பாக?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவரிடம் இருந்த பெரிய தொல்லையே இதுதான்.

ஒருநாள், இனிப்பு குறைந்த வேறு தோட்டத்துப் பழத்துக்குப் போட வேண்டிய, சரக்கை நிறுத்திவைக்கும் 'ஹோல்டு' டாஸ்க்கை, எங்கள் கூடத்துக்குப் பழம் கொண்டுவரும் தோட்டக்காரர் பேச்சியம்மா அக்காவின் பழத்துக்குப் போட்டுவிட்டார். அது இருக்கும்வரை லேபிள் அச்சாகாது; லேபிள் இல்லாமல் பெட்டி லாரியில் ஏறாது. முடிந்ததாகக் குறித்தாலோ, அக்காவின் தோட்டத்தின் பேரில் ஒரு குறை பதிவாகிவிடும். அழித்தே ஆக வேண்டும். வாசலில் கேரளா லாரி உறுமிக்கொண்டிருந்தது.

அழிக்கப் பார்த்தேன். 'இதைச் சார்ந்து வேறு டாஸ்க் உள்ளது. அழிக்க இயலாது' என்றது திரை.

என் அனுமதியைச் சோதித்தேன், சரியாக இருந்தது. வெளியேறி மறுபடி நுழைந்தேன், அதே பிழை. சரி, சார்ந்திருப்பதை முதலில் அழிப்போம் என்று கிளம்பினேன். ஹோல்டைச் சார்ந்து குளிர் அறை, அதைச் சார்ந்து தராசு, அதைச் சார்ந்து எலிப்பொறி, அதைச் சார்ந்து கையுறை. கையுறையைச் சார்ந்து நின்றது, பேச்சியம்மா அக்காவின் ஹோல்டு.

"அண்ணே, இது வட்டமா சுத்துதுண்ணே!"

"பொண்ணக் குடுத்துப் பொண்ண எடுத்தா சுத்தித்தான ஆத்தா வரும்?" முகத்தில் அப்படியொரு பெருமை.

அதற்குள் அக்காவே உள்ளே வந்துவிட்டார். "ஏப்பா கொக்கி, உன் சம்பந்தமெல்லாம் இருக்கட்டும். என் பழம் அங்கன வெயில்ல வேகுது. வண்டிய எடுக்கச் சொல்லிட்டாக. இன்னும் செத்த நேரம் போனா பழம் புளிச்சுப் போயி, சாராயக் கடையோடதான் நீ லிங்க் போடணும்!"

ஹோல்டுக்கும் குளிர் அறைக்கும் நடுவில் இருக்கும் இணைப்பை அவிழ்த்தால் போதும். ஆனால், போட்டவர் லாகினில்தான் அதை அவிழ்க்க முடியும். அண்ணன் மவுசைப் பிடித்துக்கொண்டு தவித்தார்.

"அத்து விடச் சொல்லுறியா ஆத்தா?"

"ஆமாண்ணே."

"குளிர் ரூமு ஒத்தையா நிக்குமே?"

"தொணைக்கு நான் நிக்கிறேன், நீ மொதல்ல அத்து விடு!" என்றார் அக்கா.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். நான் ஹோல்டை அழித்தேன். லேபிள்கள் சரசரவென்று வந்தன, பெட்டிகள் ஏறின, லாரி குமுளிச் சாலையில் திரும்பியது, அக்கா வண்டி போன திசையைக் கும்பிட்டார். கொக்கி அண்ணன் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. "குளிர் ரூமுக்கு வேற எடம் பாக்கணும்" என்றார்.

இப்போது தேனியில் வேறொரு நிறுவனத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். இங்கே எல்லா டாஸ்க்குகளும் தனித்தனி. அழுத்தினால் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. ஒவ்வொரு முறையும், ஒரு பிழைச் செய்தி வந்துவிடாதா என்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.