இருபது இஞ்ச் மாமா

வண்டி வைத்திருப்பவர்களில் பல இனம் உண்டு. ஓயாமல் கழுவிக்கொண்டே இருப்பவர், வாங்கிய நாள்முதல் கழுவாதவர், மைலேஜைப் பற்றி மட்டும் பேசுகிறவர். இவர்களையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். அண்மைக் காலமாகக் குமரி மாவட்டத்தில் பெருகிவரும் இனம் ஒன்று இருக்கிறது. ரிம் காப்பவர். பெரிய எஸ்யூவி ஒன்று வாங்கியிருப்பார் என்று நாம் நினைப்போம். தப்பு. அவர் வாங்கியது நான்கு ரிம். அவற்றை மாட்டிவைக்க ஒரு வண்டி வேண்டியிருந்தது, அதையும் சேர்த்து வாங்கிவிட்டார்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. கல்யாண வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் 'வாங்க வாங்க' என்கிறவர்களைப் பார்க்கமாட்டார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குத்தவைத்து உட்கார்ந்து, பழைய பனியன் துணியால் துடைத்து, தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்து, அதன்பிறகுதான் கல்யாணத்துக்கு வருவார். ஸ்டியரிங்கை ஒடித்து முன்சக்கரத்தை வெளியே திருப்பித்தான் நிறுத்துவார். வருகிறவர்களுக்கு ரிம் தெரிய வேண்டாமா?

கொட்டாரத்து யேசுரத்தினம் இந்த இனத்தில் நல்ல விளைச்சல். குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். 'நம்ம ரோட்டுக்குப் பெரிய வண்டிதான் லாயக்கு' என்று வீட்டில் சொல்லி, கடையில் இருந்ததிலேயே உயர்ந்த மாடலை எடுத்தார். அதில் இருபது இஞ்ச் ரிம் வந்தது. வட்டக்கோட்டைக்கு மனைவியோடு போய்ப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். படத்தில் கோட்டை இல்லை. ரிம் இருந்தது, ஓரத்தில் மனைவியின் கைப்பை இருந்தது.

பெரிய வண்டிகளுக்கு இப்போது ஏன் இவ்வளவு பெரிய ரிம் என்று அவரிடம் மறந்தும் கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வார்.

"வண்டி வெயிட்டு கூடிப்போச்சுல்லா. வெயிட்டு கூடினா பிரேக்கு டிஸ்க்கு பெருசா வேணும். டிஸ்க்கு பெருசானா அத உள்ள அடக்க ரிம்மு பெருசா வேணும். கேட்டியளா?"

கேட்டோம். அத்தனையும் உண்மை. அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கதவு கழுத்துவரை உயர்ந்துவிட்டது. அந்த உயரத்துக்குக் கீழே பழைய சக்கரத்தை மாட்டினால், பெருத்த ஆள் பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். பார்வைக்காகவும்தான் ரிம் வளர்ந்தது. சொல்ல விரும்பாதது இன்னொன்று. ரிம் வளர்ந்த அளவுக்கு டயர் வளரவில்லை; ஆகவே நடுவில் இருக்கும் ரப்பர் மெலிந்துபோனது. முன்பெல்லாம் குழியின் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். இப்போது நேராக ரிம் வாங்குகிறது. இந்த உண்மை ஒரு மழைநாளில் 'டொங்' என்ற சத்தத்தோடு அவருக்கு உறைத்தது.

அதுமுதல் வண்டியை முட்டைக்கூடை சுமக்கிறவரைப் போல ஓட்டினார். பிறகு அதையும் குறைத்துக்கொண்டார். சந்தைக்கு ஸ்கூட்டர். சர்ச்சுக்கு ஸ்கூட்டர். மழை பெய்தால் வண்டி கொட்டகையில் நிற்கும், மனைவி ஸ்கூட்டரின் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போவாள். "மழையில என்னத்துக்கு வண்டிய எடுக்கது? குழி தெரியாதுல்லா" என்பார்.

இப்படி இருக்கையில்தான் ஜெஸ்பினுக்குக் கல்யாணம் வந்தது. திருவட்டாற்றுக்கு உள்ளே இருக்கும் தங்கை ராகேலின் ஒரே மகள். தகப்பனில்லாத பெண். "மாமா, என்ன கைபிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போறது நீங்கதான். ஒங்க வண்டியிலதான் நான் போவேன்" என்று அவள் சொன்னபோது யேசுரத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைமேல் அவருக்கு உயிர். இதில் கேலி ஒன்றும் இல்லை.

முந்தின வாரமே ஸ்கூட்டரில் போய் ரோட்டைப் பார்த்து வந்தார். நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு குழாய் பதிக்கத் தோண்டினார்கள், மண்ணைத் தள்ளி மூடினார்கள், மழை பெய்தது.

கல்யாணத்தன்று பூச்சரமும் ரிப்பனுமாக வந்த வண்டி, ராகேல் வீட்டுக்குத் திரும்பும் முக்கில் நின்றது. யேசுரத்தினம் இறங்கிக் குத்தவைத்துப் பார்த்தார். உடைகல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. போனை எடுத்தார்.

"ஏட்டி ராகேலு, பிள்ளைய முக்குவரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வா. வண்டி ரெடியா நிக்குது."

"ஒரே செளியும் சகதியுமா கெடக்கு அண்ணா. அவ வெள்ளச்சேலை உடுத்திருக்கா."

"கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா போரும்."

ராகேல் கேட்டாள்: "மோசமான ரோட்டுல போறதுக்குன்னு சொல்லித்தானே அண்ணா இந்த வண்டிய வாங்கினிய?"

"அது வேற. இப்பம் வாற வண்டியில வெயிட்டு கூடுதல். வெயிட்டு கூடினா..." என்று தொடங்கினார். பிரேக் டிஸ்க்கைத் தாண்டி ரிம்முக்கு வந்தபோதுதான் மறுமுனையில் ஆள் இல்லை என்று தெரிந்தது.

ஆனால் ஹார்ன் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து பந்தல்காரர் ரெஜினின் லோடு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. குட்டிச் சக்கரங்கள் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறின. முன்சீட்டில், முக்காட்டு நெட் துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மணப்பெண். பின்னால், அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராகேல். முக்கை அடைத்துக்கொண்டு இருபது இஞ்ச் வண்டி.

"அண்ணாச்சி, வண்டியக் கொஞ்சம் ஒதுக்குங்க. பொண்ணு இந்தச் சகதியில எறங்க வேண்டாம், இப்பிடியே சர்ச்சுக்குக் கொண்டு விட்டிருதேன். நேரமாச்சு" என்றார் ரெஜின்.

இடப்பக்கம் ஓரக்கல், வலப்பக்கம் ஜல்லிக் குவியல். யேசுரத்தினம் இரண்டையும் பார்த்தார். "ஒரு நிமிசம்ப்பா, உரசாம எடுக்கணும்" என்றார். முன்னே கொஞ்சம் எடுத்து, இறங்கிப் பார்த்து, பின்னே கொஞ்சம் எடுத்து, மறுபடியும் இறங்கிப் பார்த்தார். ஆட்டோவின் ஜன்னல் வழியே ஜெஸ்பின் தலையை நீட்டினாள். கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

"மெதுவா எடுங்க மாமா. நாங்க காத்து நிக்கோம்."

சர்ச் வாசலிலும் ஒரு கல் இருந்ததால், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அவர் ஓடிவந்து சேர்ந்தபோது, ஜெஸ்பின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போயிருந்தாள். கடைசி வரிசையில் நின்றார். எத்தனை நாளாக மனதுக்குள் நடந்து பார்த்திருந்த நடை அது! பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்.

திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். ஆராதனை முடிந்ததும் போட்டோக்காரர், மணமக்களை நிறுத்த வெளியில் நல்ல இடம் தேடி, பூ வைத்த பெரிய வண்டியைக் கண்டார். ஜெஸ்பினும் மாப்பிள்ளை எபிசனும் அதன் முன்னால் நின்றார்கள். "மாமாவும் எங்கூட வந்து நிக்கணும்" என்று அவளே இழுத்து வந்து நிறுத்தினாள். அவருக்கு மறுபடியும் கண் நிறைந்தது. அப்போதுதான், தான் முன்சக்கரத்தை மறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சற்று நகர்ந்தார். இன்னும் சற்று நகர்ந்தார்.

ஆல்பத்தில் பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், ரிம் பளபளவென்று இருக்கிறது. மாமாவின் முழங்கை தெரிகிறது.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் எஸ்யூவி இல்லை, ஆகவே தைரியமாகச் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டு முன்னறையில் புது சோபா ஒன்று கிடக்கிறதே, கடையில் சுற்றிக்கொடுத்த பாலிதீன் உறையைக் கழற்றியாகிவிட்டதா? போன வாரம் மழையில் நனைந்து வந்த உங்கள் மகள் அதில் உட்காரப் போனபோது நீங்கள் என்ன சத்தம் போட்டீர்கள்?