பீப் சத்தமும் ஒட்டடைக் கம்பும்

"பீப்" என்றது கம்ப்யூட்டர்.

"டொம்" என்றது தரை.

குமாஸ்தா விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தார். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கீழேருந்தா?"

"கீழேருந்துதான்."

கீழே குடியிருப்பது வீட்டுக்காரம்மா. தபால் ஆபீஸில் காலமெல்லாம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர், கைப்பலம் அப்படி. ஒட்டடைக் கம்பால் அவர் தன் வீட்டுக் கூரையை இடித்தால் இங்கே மேசைமேல் டம்ளர் நகரும். முன்பு இங்கே இருந்தவர்களை, ரேடியோ சத்தம் பிடிக்கவில்லை என்று காலி பண்ண வைத்ததாகக் கேள்வி.

"நாயா அலைஞ்சு பிடிச்ச வீடு இது. தண்ணி வருது, காத்து வருது. உங்க பூச்சி விளையாட்டால இது கையைவிட்டுப் போச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்றாள் மனைவி.

எல்லாம் மச்சானால் வந்த வினை. குமாஸ்தா சொந்தமாக எழுதிய கேம் அது. மேலிருந்து பூச்சிகள் இறங்கும். கீழேயிருந்து பீரங்கி சுட வேண்டும். ஒரு பூச்சி தரையைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. ஆசை ஆசையாக எழுதி மச்சானுக்குக் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா சத்தமே இல்லியே, இழவு வீட்ல உக்காந்து ஆடற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ரோஷம் வராதா? சுடும்போதெல்லாம் பீப் என்று கத்தும்படி இன்றைக்குத்தான் நாலு வரி சேர்த்திருந்தார்.

கம்ப்யூட்டருக்கென்று தனித் திரை கிடையாது, வீட்டு டிவிதான். ஒவ்வொரு தடவையும் ஆன்டெனா வயரைக் கழற்றி மாட்ட யார் உட்கார்ந்திருப்பது? கம்ப்யூட்டர் வயரையும் அதோடு சேர்த்து முறுக்கிவிட்டார். மொட்டை மாடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஆன்டெனா. படம் லேசாக ஆடும், அவ்வளவுதான். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை. சத்தம் மட்டும் கம்ப்யூட்டருக்குள் இருந்த குட்டி ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"பீப்புதான் அவங்களுக்கு ஆகல. கனமான குரலா மாத்திடறேன்," என்றார்.

மாற்றினார். "பர்ர்ர்" என்றது.

"யாருக்குங்க வயிறு சரியில்ல?" என்றாள் மனைவி.

அந்த மிஷினுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். "பர்ர்ர்" முடியும்வரை பூச்சிகள் அந்தரத்தில் மரியாதையாகக் காத்து நின்றன. முடிந்ததும் இடது ஓரப் பூச்சி விறுவிறுவென்று இறங்கியது. கீழே, அறையின் இடது மூலையில், "டொம் டொம்!"

"மேசை அந்த மூலையில இருக்கறதுதான் தொந்தரவு," என்று டிவி, டேப் ரெக்கார்டர் சகலத்தையும் வலது மூலைக்கு இழுத்தார். நாலு ஆட்டம் ஆடுவதற்குள் வலது மூலையில் இடி விழுந்தது.

"நீங்க போற இடமெல்லாம் வர்றாங்களேங்க!"

கம்பளியை எடுத்துக் கம்ப்யூட்டரைத் தலையோடு கால் போர்த்தினார். சத்தம் அடங்கியது. சூடு அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிஷின் மூர்ச்சையாகி, எழுதியதெல்லாம் அழிந்துபோனது. கேமைப் பதிந்து வைத்திருந்த கேசட்டைப் போட்டு மறுபடி ஏற்றினார். "கீஈஈஈச் கர்ர்ர்" என்று டேப் ரெக்கார்டர் தெருவே கேட்கும்படி அலறியது.

கீழே பேச்சு மூச்சில்லை.

"இதுக்குத் தட்டலியே," என்றார் குமாஸ்தா, நம்பிக்கையோடு.

"காலி பண்ணச் சொல்றதுன்னு முடிவே பண்ணிட்டாங்க. இனி எதுக்குத் தட்டணும்?" என்றாள் மனைவி. குமாஸ்தா விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். மச்சானாவது, ரோஷமாவது! சத்தம் போடும் வரிகளை ஒன்று விடாமல் அழித்தார். கேம் பழையபடி ஊமையானது. எதற்கும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். குறி தப்பியது. பூச்சி தரையைத் தொட்டது.

"டொம்! டொம்! டொம்!" டம்ளர் உருண்டு விழுந்தது.

"சத்தம் போடாததுக்குமாங்க?"

பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். கதவைத் திறந்தால், ஒட்டடைக் கம்பும் கையுமாக வீட்டுக்காரம்மா. மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது.

மனைவி முந்திக்கொண்டாள். "அம்மா, தெரியாம பண்ணிட்டாரும்மா. இந்தக் கம்ப்யூட்டரை இப்பவே மூட்டை கட்டிடறோம். வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க!"

"மூட்டை கட்டறதா? நல்லா இருக்கே!" வீட்டுக்காரம்மா கம்பைத் தரையில் ஊன்றினார். "தம்பி, ரெண்டு வாரமா என் டிவியில தன்னால பூச்சி இறங்குது, யாரு ஆடறாங்கன்னு தெரியாம மண்டை காஞ்சேன். இன்னைக்கு அங்க குண்டு பறக்கும்போதெல்லாம் இங்க பீப்னு கேட்டதும்தான் நீங்கன்னு புரிஞ்சுது. அதுலேருந்து பூச்சி எந்தப் பக்கம் இறங்குதோ அந்தப் பக்கமாப் பாத்துப் பாத்துத் தட்டறேன், ஒரு தடவையாவது அந்தப் பக்கம் திரும்பிச் சுட்டீங்களா?"