செவ்வாய்க்கிழமைக்கு முன்பே கத்திய பசு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். பசுவும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் பண்ணையிலுள்ள மற்ற ஜீவன்களும் நலம் என்றே நம்புகிறேன். தங்கைக்கு நீங்கள் ஆசையாகக் கொடுத்த பசு இந்த முறையும் சினை பிடிக்காவிட்டால் தரகரிடம் தள்ளிவிடுவதாகப் பேசியிருந்தோம் அல்லவா? தள்ளிவிடலாம். வண்டியை அனுப்புங்கள். காரணத்தை விருப்பு வெறுப்பின்றி எழுதுகிறேன்.

ரயில் அட்டவணை போடும் அலுவலகத்திலேயே காலம் தள்ளியவன் நான். அதனால் மாட்டு டாக்டர் சொன்னது உடனே பிடிபட்டது. மூளை ஒரு ஹார்மோனை அனுப்புமாம். சினைப்பையில் பல முட்டைப் பைகள் சேர்ந்தாற்போல் வளருமாம். ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை சுருங்கிப் போகுமாம். முந்தியது பெரிதாகித் தன் பங்குக்கு ஒரு ஹார்மோனைச் சுரக்க, மாடு கத்தும். மூளையும் உசுப்பேறி மொத்தமாக ஒரு ஹார்மோன் வீச்சு அனுப்பும். பை வெடித்து முட்டை வெளியே வரும். "இந்தக் கருவி உள்ள இருக்குற வரைக்கும் அந்த வீச்சு வராது சார். சிவப்பு சிக்னல்னு வச்சுக்கங்க. செவ்வாக்கிழமை நானே வந்து உருவுறேன், அப்புறம்தான் பச்சை" என்று சொல்லி, மருந்தேற்றிய ஒரு பிளாஸ்டிக் கருவியைப் பசுவுக்குள் வைத்துவிட்டுப் போனார். வெளியே ஒரு நூல் மட்டும் தொங்கியது. அப்போது உங்கள் தங்கை வீட்டில் இல்லை. ஒழுங்காக நடக்கிற விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பசு கத்தத் தொடங்கியது. சாதாரணக் கத்தலா அது, தெருவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன சார், மாடு சினைக்குக் கத்துதே, சினை ஊசி போடுற ஆளைக் கூப்பிடலையா?" என்றார்.

"செவ்வாக்கிழமை வரைக்கும் அதுக்கு வாய்ப்பே இல்ல" என்றேன்.

"அதை மாட்டுக்கிட்ட சொன்னீங்களா?"

உங்கள் தங்கையும், "காதுல விழலையா? போன் போடுங்க" என்று நச்சரித்தாள். சிக்னல் சிவப்பில் இருக்க வண்டி எப்படிப் புறப்படும்? ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தேன். சாயங்காலம் எழுந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. "பாத்தியா?" என்று கேட்டேன். அவள் பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து கையுறை மாட்டித் தேடு தேடு என்று தேடினார். கருவியைக் காணோம். "இதையா தேடுறீங்க?" என்று உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து கொண்டுவந்து நீட்டினாள். சுத்தமாகக் கழுவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்! "வெள்ளிக்கிழமை குளிப்பாட்டும்போது நூல் தொங்குச்சு. கண்டதையும் தின்னுட்டு வெளிய தள்ளுதுன்னு உருவிட்டேன்."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்ப ஞாயித்துக்கிழமை கத்துனது நிஜக் கத்தல் சார். முட்டை போயே போச்சு. அடுத்த வாரம் ஒரு ஊசி போட்டு முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

"ஒரு ஊசியும் வேண்டாம். அதை யாரும் தொடக்கூடாது!" என்று கொட்டில் வாசலை மறித்து நின்றாள் உங்கள் தங்கை. இது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்றுவரை டாக்டரை வாசலோடு திருப்பி அனுப்புகிறாள். ஏன் என்று கேட்டால், "உங்க வேலையப் பாருங்க" என்கிறாள். வைத்தியமும் கூடாது, வளர்க்கவும் வேண்டும் என்றால் நான் என்னதான் செய்வேன், நீங்களே சொல்லுங்கள். எனக்கும் அந்தப் பசு மேல் பிரியம்தான். காலையில் என் சட்டைக் கையை நக்காமல் விடாது. இருந்தாலும் வண்டி வரட்டும்.

மூத்தவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, பண்ணை மாடுகளுக்கு வயதுக்குத் தக்கபடி.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்

பி.கு.: வண்டியை அனுப்ப வேண்டாம். எழுதியதை உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "தரகருக்கா?" என்றவள், தானே டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வந்து பரிசோதித்து, "சினை பிடிச்சிருக்கு சார்!" என்கிறார். நான் காதை அடைத்துப் படுத்திருந்த ஞாயிறு மத்தியானம், தையல்காரரை அனுப்பிச் சினை ஊசி போடுபவரை வரவழைத்திருக்கிறாள். டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டிருந்தால் கரு கலைந்திருக்குமாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"போன ரெண்டு தடவையும் சினை நிக்கிறதுக்கு முன்னாடியே தெரு முழுக்கச் சொன்னீங்க. அப்புறம் விசாரிக்க வந்தவங்களுக்கெல்லாம் நான்தானே பதில் சொன்னேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்க, அனுப்புங்க. அண்ணன் படிச்சுச் சிரிக்கட்டும்" என்கிறாள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கன்று பிறக்கிற வரைக்கும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், நானும் சொல்லவில்லை.