அம்பு மிஸ்ஸும் நான்காம் வரியும்

ஆம்பூர்ப் பக்கம் அம்பு மிஸ்ஸைக் கண்டு நடுங்காத கரும்பலகை ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைகள் நடுங்கவில்லை, அவர்களுக்கு அவர் பக்கத்து சீட்டுக்காரர். நடுங்கியது கரும்பலகையும் அதன் முன்னால் நின்றவர்களும்தான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனர், கணியம்பாடியில் கரும்பு வெட்டு, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் வேலை என்று சுற்றினேன். சுண்ணாம்புத் தொட்டி என் உள்ளங்கையை உரித்துவிட்டது. கைக்கு வேலை கம்மியாக உள்ள இடம் தேடி ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஆனேன். அதே வாரம் அம்பு மிஸ் அங்கே ஹெச்.எம். ஆக வந்தார்.

வந்த அன்றே தன் அறையிலிருந்த சுழல் நாற்காலியை கேட் வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"இதுல நீ உக்காருப்பா. நாளெல்லாம் உக்கார்ற வேலை உனக்குத்தான். எனக்கு ரூம்ல வேலை இல்ல."

அன்று முதல் உள்ளே வந்த பெற்றோர் எல்லாம் எனக்கு வணக்கம் வைத்தார்கள். ஒருவர் மகனை இழுத்துவந்து, "நாலு போட்டாச்சும் படிக்க வெச்சிடுங்க சார்" என்று ஒப்படைத்தார். என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பி.டி. மாஸ்டருக்குப் பதவி உயர்வு என்று நினைத்திருப்பார்.

அசல் ஹெச்.எம். ஏதாவது ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில், இரண்டு பையன்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். கையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல். பி.எட். சேருவதற்கு முன் அவர் ஷூ கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். அங்கே தையல் பிசகிய இடத்தில் அம்பு ஒட்டி, சரிசெய்ய ரீவொர்க்குக்குத் திருப்பி அனுப்புவார்கள். இங்கேயும் அதையே செய்தார். பாடம் முடிந்ததும் எழுந்து போவார். பிள்ளைகளுக்கு எந்த வரியில் புரியாமல் போனதோ, போர்டில் அந்த வரிமேல் ஓர் அம்பு. திட்டு கிடையாது, பேச்சு கிடையாது.

"அம்பு ஒட்றது தச்சவங்களக் காட்ட இல்ல, தையலக் காட்ட" என்பார். நம்பத்தான் ஆளில்லை.

முதலில் வெடித்தவர் கணக்கு சார். வலது கையால் எழுதிக்கொண்டே இடது கையால் அழிக்கிறவர். பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் விழுந்திருந்தார்கள். அரைப் பரீட்சையிலும் இதே கதை என்றால் சாரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவரை இன்னொரு பள்ளி எடுக்காது. அது சாருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து அவர் போர்டின் நான்காம் வரியில் அம்பு விழுந்தது.

சார் நேராக கேட்டுக்கு வந்து சுழல் நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

"என்னை அனுப்பணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. என் போர்டு மேல இதுவரைக்கும் எவனும் கை வெச்சதில்ல."

"சார், நான் வாட்ச்மேன்."

"தெரியும்யா. யார்கிட்டயாச்சும் சொல்லணுமில்ல."

பின்னாலேயே மிஸ் வந்துவிட்டார். "சார், நாலாவது வரில இன்னா ஆச்சு தெரியுமா? கிளாஸே தண்ணி பாட்டிலத் தொறந்துச்சு. அத்தன பேருக்கும் ஒரே நேரத்துலயா தாகம் எடுக்கும்?"

"வெயில் ஜாஸ்தி மிஸ்."

"மழ பேய்ஞ்சுனு இருக்குது சார்."

சார் வானத்தைப் பார்த்தார். அப்போதுதான் நனைந்திருப்பது தெரிந்தது போலிருக்கிறது.

"நாளைக்கு அதே கணக்க நான் எடுக்கறேன். நீங்க கடைசி பெஞ்சு. ரோலு உங்க கையில" என்றார் மிஸ்.

மிஸ் படித்தது வரலாறு. மறுநாள் நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். சார் வரிக்கு வரி எழுந்து போய் ஒட்டினார். கரும்பலகைக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது. டஸ்டருக்கும் ஒன்று கிடைத்தது. ஒவ்வோர் அம்புக்கும் மிஸ் தேங்க்ஸ் சொன்னார். நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு ஹெச்.எம். அப்படி நின்றதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

கடைசியில் சார் உற்சாகமாகக் கேட்டார். "மேல மைனஸ் இருந்துச்சு, கீழ பிளஸ் ஆயிடுச்சு. எப்பிடின்னு சொல்லவே இல்லயே மிஸ்?"

"எத்தனாவது வரி சார்?"

சார் விரல்விட்டு எண்ணினார். நான்கில் விரல் நின்றது.

"அந்த வரி மட்டும் என்னுது இல்ல சார். நேத்து நீங்க எழுதினத அப்பிடியே எழுதினேன்."

சார் மெதுவாகத் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அவருடைய இடது கை சட்டைப்பையிலேயே இருந்தது. நான்காம் வரி வந்தால் நின்று, பிள்ளைகளின் பாட்டில்களைப் பார்த்துவிட்டுத்தான் ஐந்தாம் வரிக்குப் போவார். மற்ற ஆசிரியர்களும் ரோலைக் கடன் வாங்கிக்கொண்டு ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

அரைப் பரீட்சையில் தேறியவர்கள் கூடினார்கள். ஆனால் தாளாளர் கேட்ட அளவுக்கு இல்லை. அவருடைய கார் வந்து நின்றது.

"அந்தம்மாவக் கூப்புடு. கணக்கு வாத்தியாருக்கு இன்னியோட சரி."

"கணக்கு கிளாஸ்ல, கடைசி பெஞ்சுல இருக்காங்க சார். பாடம் முடியாம வரமாட்டாங்க."

அவரே போனார். மிஸ் நகர்ந்து இடம் கொடுத்து, ரோலை அவர் கையில் வைத்தார். "புரியாத வரில ஒட்டிடுங்க சார். அப்புறம் அனுப்பலாம்."

அந்தப் பாடவேளை முழுவதும் சார் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் விரலிடுக்கில் சாக்பீஸ் தூளாக உதிர்ந்தது. தாளாளர் திரும்பி வந்தபோது ரோலில் ஓர் அம்புகூட உரிபடவில்லை. அதை என் மடியில் போட்டார்.

"நான் பத்தாவதுல கணக்குல ஃபெயில் ஆனவன்யா. அப்ப எனக்கு யாராச்சும் இப்பிடி எடுத்திருந்தா..." முடிக்காமல் காரில் ஏறிவிட்டார். சார் தங்கினார்.

நான்தான் தங்கவில்லை. என் கால் அப்படி. ஓசூரில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். மிஸ் புத்தி எதுவும் சொல்லவில்லை. என் போனை வாங்கி அதன் முதுகில் ஓர் அம்பை ஒட்டினார்.

"இன்னா மிஸ், நான் ரிஜெக்டா?"

"அம்பு ஒட்டுன பீசு ரிஜெக்ட் இல்லப்பா. திரும்ப லைனுக்கு வர்ற பீசு."

நாற்காலி இன்னும் கேட்டில்தான் கிடக்கிறதாம், ஆள் போடவில்லையாம். இங்கே ராத்திரி படுக்கும்போது போனை எப்படித் திருப்பி வைத்தாலும், அந்த அம்பு ஆம்பூர்ப் பக்கமே காட்டுகிறது.